மில்லிங் மெஷினுக்குக் கண் வாங்கிய கதை

மைக்ரான் என்ற சொல்லை யாராவது என் முன்னால் எடுத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டாகக் கிழித்தால் அதில் ஒரு துண்டுதான் மைக்ரான். அதை வெறும் கண்ணால் பார்த்தவன் எவனும் இல்லை. ஆனால் ஒரு கோடைக்காலம் முழுக்க நான் அந்தச் சொல்லோடுதான் குடித்தனம் நடத்தினேன். கட்டின புருஷனோடுகூட அவ்வளவு பேசவில்லை.

சித்தூரிலிருந்து கங்காதர நெல்லூர் போகிற சாலையில் எங்களுக்கு ஒரு ஷெட் உண்டு. என் கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்துகிற பட்டறை. உள்ளே ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட், எல்லாவற்றுக்கும் நாட்டாமை போல நடுவில் ஒரு மில்லிங் மெஷின். சென்னையில் மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனியின் ஏலத்தில் எடுத்தது. வயதில் என்னைவிடப் பெரியது, சத்தத்தில் என்னைவிடக் கொஞ்சம் குறைவு. லேத்தில் கொழுந்தனார் நிற்பார், மில்லிங்கில் என் கணவர். பில் போடுவது, ஜி.எஸ்.டி. கட்டுவது, ஃபோனில் கெஞ்சுகிறவர்களை அதட்டுவது, அதட்டுகிறவர்களிடம் கெஞ்சுவது எல்லாம் என் தலையில்.

மில்லிங் வேலை ஒன்றும் மந்திரமில்லை. இரும்புத் துண்டை மேஜைமேல் இறுக்கிக் கட்டி, கைச்சக்கரத்தைச் சுற்றினால் மேஜை நகரும். மேலே சுழல்கிற கட்டர் இரும்பைச் சீவும். மேஜை எவ்வளவு நகர்ந்தது என்று சக்கரத்தோடு ஒட்டியிருக்கிற டயல் சொல்லும். அந்த டயலில் முடி மாதிரி மெல்லிசாகக் கோடுகள் இருக்கும். அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்தவன் மில்லிங்காரன், தெரியாதவன் பழைய இரும்புக் கடைக்குச் சரக்குத் தயாரிக்கிறவன்.

என் கணவருக்குக் கண் மங்குகிறது என்பதை நான் கண்டுபிடித்தது ஷெட்டில் இல்லை, சித்தூர் பஸ் ஸ்டாண்டில். ஒரு கல்யாணத்துக்குத் திருப்பதி போகிறோம். மனுஷன் முண்டியடித்து ஓடிப் போய் பலமநேர் பஸ்ஸில் ஏறி, ஜன்னலில் தலையை நீட்டி, "சீட்டு புடிச்சிட்டேன், வா வா" என்கிறார். திருப்பதி கிழக்கே, பலமநேர் மேற்கே. இறக்கிக் கூட்டிவந்து கேட்டால், "போர்டுல சின்னதா எழுதறானுங்க" என்றார். ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் சைஸில் இருந்தது.

"கண்ண காட்டலாம், வாய்யா" என்றேன்.

"வெள்ளெழுத்து. வயசானா எல்லாருக்கும் வரும். ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு நீ எதுவும் கெளப்பாத. தம்பிக்குத் தெரிஞ்சா மெஷின வித்துடுவான்."

அன்றைக்கே திருப்பதி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் தரையில் பரப்பி விற்கிறவனிடம் ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டார். கண்ணாடி போட்டதும் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பதிலாக மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குக் கை கொடுத்து வாழ்த்தினார்.

தம்பியைப் பற்றி அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. கொழுந்தனாருக்கு வெகு நாளாகவே ஒரு அரிப்பு. மில்லிங் மெஷினைத் தள்ளிவிட்டு, லோன் போட்டு, கம்ப்யூட்டரில் ஓடுகிற மெஷின் வாங்கி, டிப்ளமா படித்தவன் ஒருவனை அதில் நிறுத்த வேண்டும். "அண்ணன் ஜாலியா ஆபீஸ்ல உக்காரட்டும் அண்ணி" என்பார். அந்த ஆபீஸ் ஒரு பிளைவுட் பெட்டி. நான் உள்ளே போனால் நாற்காலி வெளியே வரும். அதில் அவரும் உட்கார்ந்தால் எங்கள் இருவரில் ஒருவர் கொலைக் கேஸில் உள்ளே போவது நிச்சயம்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒருமுறை அந்த மெஷினின் மோட்டார் எரிந்துபோய், உள்ளே செப்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றி வரும்வரை அவர் வீட்டில் இருந்தார். முதலில் சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். அப்புறம் நான் வெங்காயம் நறுக்குகிற கோணம் தப்பு என்றார். அதெல்லாம் போகட்டும். கடைசியில் அழுக்கே ஆகாத கையைக் காலையும் மாலையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வாஷ்பேசின் முன்னால் நின்றார். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஆள் மெஷினை விட்டு இறங்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அப்போதுதான் பக்கத்துப் பட்டறையில் ஒரு சமாச்சாரத்தைப் பார்த்தேன். மேஜையின் ஓரத்தில் ஒரு சென்சார். மேஜை நகர நகர அது அளந்து, ஒரு பெட்டியில் எண்ணாகக் காட்டுகிறது. ஒவ்வொரு எண்ணும் என் கட்டைவிரல் உயரம், பளிச்சென்ற சிவப்பு. டயல் பக்கமே பார்க்க வேண்டியதில்லை. எனக்குக் கோயில் கோபுரத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

கொழுந்தனாரிடம் வேறு மாதிரி சொன்னேன். மாம்பழக்கூழ் ஃபாக்டரி ஒன்றில் சீசனுக்கு முன்னால் கூழ் பிழிகிற மெஷினுக்குப் பக்கத் தகடுகள் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு தகட்டிலும் நீளத்துக்கு ஒரே வரிசையில் துளைகள். ஒரு முடி கனத்துக்கு மேல் துளை விலகினால் தகடு போல்ட்டில் உட்காராது. "சென்சார் போட்டா வேலை சுளுவா முடியும் தம்பி" என்றேன். கண் என்ற சொல்லே என் வாயில் வரவில்லை.

அவர் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "சரி அண்ணி. ஃபாக்டரில ட்ரையல் பிளேட்டு பாஸ் ஆச்சின்னா மெஷின் நிக்கட்டும். ஆவலைன்னா அத வித்துட்டு நான் சொன்னத வாங்கலாம். அப்ப நீங்க குறுக்க பேசக்கூடாது."

"பேச மாட்டேன்" என்றேன். என்னை அறிந்தவர்கள் யாரும் அதை நம்பமாட்டார்கள், இருந்தாலும் சொன்னேன்.

மலிவாகவும் இருக்க வேண்டும், வேலையும் செய்ய வேண்டும் என்று ஒரு பொருளைத் தேடிப் புறப்பட்டால் உலகத்தில் எத்தனை பேர் நம் காதில் பூ சுற்றக் காத்திருக்கிறார்கள் என்பது தெரியும். முதல் பூ வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. "எதுக்கு அண்ணி புதுசு? டிஜிட்டல் காலிப்பரு ஒண்ண மேஜையோட ஸ்க்ரூ போட்டுக் கட்டிட்டா அதே வேல செய்யும்" என்றார் கொழுந்தனார். பட்டறைகளில் கையில் பிடித்து அளக்கிற கருவி அது. செய்தார். ஒரு மணி நேரம் சமர்த்தாக எண் காட்டியது. பிறகு கட்டர் சூடாகாமல் இருக்க ஊற்றுகிற சோப்பு எண்ணெய்த் தண்ணீர் அதன்மேல் தெறித்தது. அவ்வளவுதான். அது காட்டிய எண்ணை நம்பினால், எங்கள் மேஜை ஷெட்டை விட்டு வெளியேறி ரோட்டுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. சாயங்காலம் உயிரையும் விட்டது.

அடுத்து சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. எங்கள் ஸ்டூலில் உட்காருவதற்கு முன் கர்ச்சீஃப் விரித்தார். வெளிநாட்டுச் சென்சார், அரை மைக்ரான்வரை துல்லியம், வெப்பம் ஏறினால் இறங்கினால் தானே திருத்திக்கொள்ளும் என்று அடுக்கினார். விலையைக் கேட்டேன். அந்த விலைக்கு எங்கள் மெஷினைப் போல இன்னொன்றை ஏலத்தில் எடுத்து, மீதிக்கு ஸ்வீட் வாங்கலாம்.

"மேடம், துல்லியத்துக்கு விலை பார்க்கக் கூடாது" என்றார்.

"ஐயா, எங்க மெஷினுக்கு வயசாகி மூட்டெல்லாம் ஆடுது. சக்கரத்த சுத்தினா மேஜை கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுத்தான் நகரும். எங்களுக்கு முடி கனம் தெரிஞ்சா போதும். அரை மைக்ரான வச்சிக்கினு நான் என்ன ஊறுகா போடறதா?"

கர்ச்சீஃப்பை மடித்துக்கொண்டு கிளம்பினார். ஆனால் அவரால் ஒரு நன்மை. எவன் எவ்வளவு நுணுக்கம் என்று பீற்றுகிறான் என்பதைப் பார்த்து வாங்கக் கூடாது, நமக்கு எவ்வளவு வேண்டும் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது. புடவைக் கடையில் எனக்கு எப்போதோ தெரிந்த விஷயம்தான். சென்சாரில் அது புரிய இத்தனை நாளாயிற்று.

மூன்றாவதாகத் திருப்பதியிலிருந்து ஒரு டீலர் ஸ்கூட்டரில் வந்தார். ஒரு கால் தெலுங்கிலும் ஒரு கால் தமிழிலும் வைத்துப் பேசுகிறவர். நேராக மெஷினிடம் போய் மேஜைக்கு அடியில் விரலை விட்டு, ஒட்டிய கறுப்பு மையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று.

"ரெண்டு டைப் உண்டும்மா. கிளாஸ் ஸ்கேல்னா ரேட்டு கம்மி. கண்ணாடி மேல சன்னமா கோடு போட்டிருப்பான், லைட்டு வச்சு எண்ணும். கானி, ஆனா உங்க ஷெட்டுல இரும்புத் தூசி, ஆயில் ரொம்ப எக்குவ, ஜாஸ்தி. மேல மூடியிருக்கற ரப்பர் லிப்பு தேஞ்சா உள்ள பூந்துடும். அப்புறம் அது உங்களுக்கு தாறுமாறா நம்பரு காட்டும்."

"ரெண்டாவது?"

"மேக்னெட்டிக். காந்தப் பட்டை. ரப்பர் பெல்ட்டு மாதிரி இருக்கும், அதுல பொடிப் பொடியா வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்குன்னு காந்தம் ஏத்தியிருப்பான். மேல தலை ஒண்ணு தொடாமயே போய்க்கினு அத எண்ணும். தூசி, ஆயில், தண்ணி, ஏமி காது. ஒண்ணும் ஆகாது. கத்திரியால வெட்டி வேண்டிய நீளத்துக்கு ஒட்டலாம். ரேட்டு கொஞ்சமே எக்குவ."

அன்று வீட்டுக்குப் போய் யோசித்தேன். கண்ணாடி மலிவு, ஆனால் ஷெட்டுக்கு வெளியே கிரானைட் லாரி போனாலே எங்கள் டீ கிளாஸ் நடுங்கும். அங்கே ஒரு கண்ணாடிக் கோலை நீளத்துக்குப் பொருத்தி, எங்கள் குடும்பத்துக் கைகளை நம்பி விடுவதா? ஒரு தடவை ஸ்பேனர் விழுந்தால் தீர்ந்தது. இரண்டாம் தரம் வாங்க வைக்கிற மலிவு மலிவில்லை. காந்தப் பட்டைக்கே சரி என்று சொல்லிவிட்டேன்.

டீலர் வந்து மாட்டினார். மேஜையின் முதுகுப் பக்கம் பட்டையை ஒட்டி, அதன்மேல் பளபளவென்று மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு ஒன்றையும் ஒட்டினார். போகும்போது விரலை ஆட்டிச் சொன்னார்: "ஒகட்டே, ஒரே கண்டிஷன்மா. வேற காந்தம் இது பக்கத்துல வரக்கூடாது. பட்டையில ஏத்தின காந்தம் அழிஞ்சுபூடும். அழிஞ்சா அந்த எடத்துல நம்பரு பொய் பேசும்."

பட்டறைகளில் டயல் கேஜ் என்ற அளவுக் கருவியை நிறுத்துவதற்கு ஒரு காந்த ஸ்டாண்ட் இருக்கும். இரும்பில் வைத்தால் கப்பென்று பிடிக்கும். எங்களிடம் இருந்ததை அன்றைக்கே டிரில்லிங் மெஷினுக்கு அந்தப் பக்கம் நாடு கடத்தினேன். இந்தக் கோட்டைத் தாண்டி அது வந்தால் கொண்டுவந்தவரும் ஷெட்டை விட்டுப் போக வேண்டியதுதான் என்று சாக்பீஸால் தரையில் கோடும் கிழித்தேன். ஸ்பீக்கர், திருகு பொறுக்குகிற காந்தக் குச்சி எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயின.

சுவிட்சைப் போட்டதும் சிவப்பு எண்கள் எரிந்தன. அவர் சக்கரத்தைச் சுற்றினார். பின்னால் தனக்குள் எதையோ முணுமுணுத்தபடி தம்பி, பக்கத்தில் நான். "பன்னெண்டு புள்ளி அஞ்சு" என்றார் என் கணவர், சத்தமாக. பெட்டியில் அதே எண். "நாப்பத்தி எட்டு." அதே எண்.  நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து எல்லோரிடமும் எதிலோ குறை கண்டுபிடித்துத் திட்டினேன்.

ட்ரையல் தகடு தயாராகி ஃபாக்டரிக்குப் போனது. அங்கிருந்து ஃபோன் வந்தது. எல்லாத் துளையும் போல்ட்டில் உட்காருகிறது, நடுவில் இரண்டு மட்டும் உட்காரவில்லை. சரி, கைப்பிழை என்று இரண்டாவது தகடு போட்டோம். அதே நடு, அதே இரண்டு துளை. ஃபாக்டரி மேனேஜர் குரலை உயர்த்தவில்லை.  "அம்மா, தோத்தாபுரி மாங்கா லாரிங்க அடுத்த வாரம் வர ஆரம்பிச்சிடும். இன்னும் ஒரு பிளேட்டு பார்க்கறேன். இல்லன்னா வேற எடத்துல குடுத்துடறேன்" என்றார்.

கொழுந்தனார் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அண்ணனத் தப்பு சொல்ல மாட்டேன் அண்ணி. நீங்க வாங்கினது டுபாகூர் சரக்கு."

என் பிள்ளையைச் சொன்னால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. ஃபோனைப் போட்டு டீலரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அந்த மனுஷன் பாவம், சாப்பாட்டைப் பாதியில் விட்டுத் திருப்பதியிலிருந்து ஸ்கூட்டரிலேயே வந்து சேர்ந்தார். நீளம் தெரிந்த ஒரு எஃகுக் கட்டையை மேஜையில் வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நகர்த்தி நகர்த்தி எண்ணை ஒத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் எண் சரி. நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தப்பு. அங்கே போனால் எண் தடுமாறி, தாண்டி வந்தால் பழையபடி ஒழுங்காகிவிடுகிறது.

டீலர் பையிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு சின்னத் தாள் எடுத்தார். காந்தம் எங்கே எப்படி இருக்கிறதோ அதைப் படமாகக் காட்டுகிற தாளாம். ஸ்டீல் தகட்டை உரித்துவிட்டுப் பட்டைமேல் வைத்தார். கோரைப்பாய் நெசவு மாதிரி வரிவரியாகத் தெரிந்தது. நடுவுக்குக் கொண்டுபோனார். வரியெல்லாம் அழிந்து, அங்கே ஓர் உருண்டை. காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி, சின்ன அப்பளம் அளவுக்கு.

"எவரோ இங்க காந்தம் வச்சிருக்காங்கம்மா. நல்ல ஸ்ட்ராங்கு" என்றார்.

காந்த ஸ்டாண்டின் அடிப்பாகம் சதுரம். காந்தக் குச்சி விரல் நுனி அளவு. உருண்டையாக எங்கள் ஷெட்டில் எது இருக்கிறது? நான் கண்ணை ஓட்டினேன். டீலரும் ஓட்டினார். இருவர் கண்ணும் லேத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்பு பீரோவில் போய் ஒரே நேரத்தில் நின்றன.

அங்கே பெருமாள் இருந்தார். காரில் ஒட்டிக்கொள்வதற்கு மலைமேல் விற்கிற வட்டப் பெருமாள். எத்தனை பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் சாமி கீழே விழக் கூடாது என்று முதுகில் பலமான காந்தத்தை வைத்துத்தான் விற்பார்கள். நெற்றியில் புதுக் குங்குமம், மேலே வாடிப்போன துளசி. டீலர் முதலில் செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், பிறகு இரண்டு கையாலும் பெருமாளைப் பிடித்து இழுத்தெடுத்து அந்தப் பச்சைத் தாளின்மேல் காட்டினார். அளவு இம்மி பிசகவில்லை.

"சுவாமி மன்னிக்கணும்" என்று மெல்லச் சொன்னார்.

ஷெட்டில் இருந்த காந்தத்தையெல்லாம் விரட்டினோம். பெருமாளைக் காந்தம் என்று எங்களில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. திருப்பதிக்காரரான அந்த டீலரே எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் புது மிக்சியை முதல்முறை ஓடவிடுவதற்கே கோவிந்தா போடுவார்கள். புதுச் சென்சாருக்கு யாரோ போட்டிருக்கிறார்கள். யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. ஷெட்டில் சனிக்கிழமைதோறும் பூஜை போடுகிறவர் ஒரே ஆள்தான்.

டீலரை அனுப்பிவிட்டு வந்தேன். என் கணவர் எதிர்க்கடைக்கு டீ வாங்கப் போயிருந்தார். கோபம் உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. லேத்துக்கு முன்னால் போய் நின்று, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

"ஏன் தம்பி, மெஷின விக்கணும்னா நேருக்கு நேரா நின்னு விக்கணும். சாமிய வுட்டா கவுப்ப? காந்தம் வைக்கக்கூடாதுன்னு தலையால அடிச்சிக்கினேனே, கேட்டுக்கினுதானே இருந்த?"

முதலில் அவருக்கு விளங்கவில்லை. பெருமாளைக் கையில் காட்டினேன். விளங்கியதும் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி, சத்தியமா தெரியாது அண்ணி. சென்சாரு மேல புது தகடு பளபளன்னு இருந்திச்சி, அதுக்குத்தானே பூஜைன்னு சனிக்கெழம அதும்மேல வச்சேன். ஞாயித்துக்கெழம லீவு. திங்கக்கெழம எடுத்து பீரோல ஒட்டிட்டேன். சாமில காந்தம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

"அலங்காரம் பண்ண வேற எடமே இல்லியா ஒனக்கு?"

"அலங்காரத்துக்கு இல்ல அண்ணி." லேத்தின் சுவிட்சை அணைத்தார். "அலிபிரி அடிவாரத்துலேர்ந்து நடந்தே மலைமேல போனேன். முட்டி போயிடுச்சி. அண்ணன் கண்ணுக்கு வேண்டிக்கினு வாங்கியாந்தது."

நான் என் முகத்தை ஒரு வழியாக வைத்துக்கொண்டேன். "அண்ணன் கண்ணுக்கு இன்னா வந்திச்சி?"

"இன்னா அண்ணி நீங்க. அவரு டயலு படிச்சே ரொம்ப நாளாச்சி. நான்தான் இங்கேர்ந்து போய் பின்னால நின்னுக்கினு, எனக்கு நானே பேசிக்கிற மாதிரி நம்பரு சொல்லுவேன். அவரும் காதுல வுழாத மாதிரியே சுத்துவாரு. நாங்க ரெண்டு பேரும் இதப் பத்தி ஒரு வார்த்த பேசினதில்ல."

"அப்புறம் எதுக்குடா மெஷின வித்தே தீரணும்னு குதிச்ச?"

"கை போயிடும் அண்ணி. கட்டரு சுத்திக்கினு இருக்கும்போது மூஞ்சிய கிட்ட கொண்டும்போய் கொண்டும்போய் பாக்கறாரு. ஒரு நாளு சட்ட காலரு மாட்டிக்கிச்சி. நான் ஓடிப்போய் சுவிட்ச நிறுத்தினேன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. கண்ணு தெரியலன்னு சொல்லி எப்படி அவர எறக்கறது? அதான் மெஷினு பழசு, மெஷினு பழசுன்னுக்கினு இருந்தேன்."

நான் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காலர் கிழிந்த சட்டையை நான் தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆணியில் மாட்டியது என்றார், நானும் ஆணியைத் திட்டினேன். தம்பிக்குத் தெரியக்கூடாது என்று நான் மறைக்க, எனக்குத் தெரியக்கூடாது என்று தம்பி மறைக்க, நடுவில் அந்தக் கட்டர் சுற்றிக்கொண்டேயிருந்திருக்கிறது. 

"முடிஞ்சுதா ரெண்டு பேருக்கும்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மூன்று டீ கிளாஸைக் கம்பி வளையத்தில் மாட்டிக்கொண்டு என் கணவர் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ, டீயில் ஆடை கட்டியிருந்தது.

"நைனாகிட்டகூட நீங்க ரெண்டு பேரும் இவ்ளோ பொய் சொன்னதில்ல" என்றார், தன் அப்பாவை இழுத்து.

நான் விடவில்லை. "நீ மட்டும் இன்னாவாம்? அன்னிக்குச் செவப்பு நம்பர அப்படியே படிச்சியேய்யா! பன்னெண்டு புள்ளி அஞ்சுன்னு!"

"இவன் பின்னால சொன்னான். செவப்பா ஏதோ எரியுதுன்னு மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

கோடைக்காலம் முழுக்க நான் அலைந்து, பேரம் பேசி, நாலு பேரைப் பகைத்துக்கொண்டு வாங்கிய எண் அது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எதையாவது எடுத்து அவர்மேல் எறியவேண்டும் என்றும் வந்தது. கையில் பெருமாள் இருந்ததால் எறியவில்லை.

கடைசித் தகட்டை மறுநாள் போட்டோம். பட்டையில் கெட்டுப்போன அந்த உள்ளங்கை அகலத்தை ஒதுக்கிவிட்டு, தகட்டை மேஜையின் கோடிக்குத் தள்ளிக் கட்டினோம். மறைப்பதற்கு ஒன்றும் இல்லாததால் கொழுந்தனார் பெட்டிக்கு நேராக நின்று, ஏலம் விடுகிறவர் மாதிரி கத்தி எண் சொன்னார். என் கணவர் தள்ளி நின்றே சக்கரத்தைச் சுற்றினார். அவர் தலை கட்டர் பக்கம் சாயும்போதெல்லாம் நான் கத்தினேன். எங்கள் இருவர் கத்தலில் மெஷின் சத்தம் கேட்கவேயில்லை. சாயங்காலம் ஃபாக்டரி மேனேஜரே பேசினார். எல்லாத் துளையும் உட்கார்ந்துவிட்டது, மீதித் தகடுகளையும் நீங்களே போடுங்கள் என்றார்.

மெஷின் விலை போகாமல் ஷெட்டிலேயே நின்றது. ஆனால் கொழுந்தனார் அதன் சுவிட்சுப் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "மெஷின் எங்கயும் போவாது அண்ணா. நீ கண்ணக் காட்டிட்டு வந்து அத ஓட்டு. அதுவரைக்கும் நான் ஓட்டறேன்." சென்சாருக்கு மூன்று விலை கேட்டவள் நான். கண் ஆஸ்பத்திரி திருப்பதியில் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுகூட எனக்கு அன்றைக்கு ஒருவரைக் கேட்டுத்தான் தெரிந்தது.

திருப்பதி பஸ்ஸில் நான்தான் போர்டு பார்த்து ஏற்றினேன். வழியெல்லாம், "ஒண்ணும் இருக்காது, வெள்ளெழுத்துதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் ஓர் இருட்டறையில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இடது கண்ணை ஓர் அட்டையால் மூடி, எதிரே வெளிச்சப் பெட்டியில் எழுத்துகளைக் காட்டினார் நர்ஸ். மேலே ஓர் எழுத்து, சாப்பாட்டு வாழையிலை சைஸில். கீழே போகப் போகச் சிறிசு.

"மேலே என்ன எழுத்துன்னு சொல்லுங்க."

அவர் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். நாற்காலிக்குப் பின்னால் சுவரோரம் நானும் கொழுந்தனாரும் நின்றோம்.

"சொல்லுங்க, பெருசா ஒண்ணு இருக்கு பாருங்க."

அப்போது என் பக்கத்திலிருந்து முணுமுணுவென்று ஒரு குரல், தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி: "ஈ... அதுக்குக் கீழ எஃப், பி..."

நர்ஸ் திரும்பி முறைத்தார். கொழுந்தனார் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். வேண்டுமென்று செய்யவில்லை, அவருக்கே தெரியாமல் வந்துவிட்டது.

என் கணவர் தலையைத் திருப்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். காற்றில் துழாவி, தம்பியின் கை கிடைத்ததும் பிடித்துக்கொண்டார்.

"சும்மா இர்றா. இத நானே சொல்லிக்கிறேன்" என்றார். பிறகு நர்ஸ் இருந்த பக்கம் பார்த்து, "எனக்குத் தெரியலம்மா. மேல இருக்கற பெருசும் தெரியல" என்றார்.

நர்ஸ் அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த கண்ணை மூடச் சொன்னார்.